புளி மண்டிக்கு வந்த எட்டு சிலிண்டர்

என் காரைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்துக் கேட்பது, வீட்டுக்காரர் எங்கே என்று. மைலேஜைப் பற்றி நான் யாருக்கும் உண்மையைச் சொல்வதில்லை. வீட்டுக்காரரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுலபம்: அவர் பஸ் ஓட்டப் போயிருக்கிறார்.

ஆலங்காயத்தில் எனக்குப் புளி மண்டி. ஜவ்வாது மலையிலிருந்து மாசி, பங்குனியில் இறங்குகிற புளியை வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காட்டி, மூட்டை கட்டி பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புகிறேன். கல்யாணமான புதிதில் வீட்டு முன்னறையில் நாலைந்து மூட்டைகளோடு தொடங்கியது. இப்போது குடோன், கொட்டை எடுக்கும் பெண்கள், எடை மேடை என்று வளர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். திருப்பத்தூரில் எடுத்து, ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூர் வரை மலையேறி இறங்குவார். அதே மலைப்பாதையில் நானும் பல வருஷமாகக் குட்டியானை ஓட்டுகிறேன். சின்னச் சரக்கு வண்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மற்ற வீடுகளில் சாப்பிடும்போது என்ன பேசுவார்களோ தெரியாது. எங்கள் வீட்டில், எந்த வளைவில் கல் உருண்டு கிடக்கிறது, எந்த இறக்கத்தில் தார் பெயர்ந்திருக்கிறது என்பதுதான் பேச்சு.

கார் வாங்கும் எண்ணத்தோடு நான் பெங்களூருக்குப் போகவில்லை. இன்னொரு குட்டியானை வாங்கத்தான் போனேன். என்னிடம் புளி எடுக்கும் வியாபாரி ஒருவர், அவர் மச்சானிடம் பழைய வண்டிகள் நிறைய நிற்கின்றன, பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினார். ஷெட்டில் வேன்களும் டெம்போக்களும் நெருக்கியடித்து நின்றன. அவற்றுக்கு நடுவில், மயில்கழுத்து நிறத்தில், இரண்டே கதவோடு, நீளமான மூக்கோடு அது நின்றது. அகலமாக, தரையோடு தரையாக, யாரையும் லட்சியம் பண்ணாமல் நின்றது.

அமெரிக்க வண்டி என்றார் மச்சான். பலத்துக்கென்றே செய்தது, மஸில் கார் என்று சொல்வார்களாம். எட்டு சிலிண்டர். ஆசைப்பட்டு வாங்கிய ஒரு கம்ப்யூட்டர்காரர் வெளிநாட்டுக்கே குடிபோகிறார் என்பதால் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பேச்சோடு பேச்சாக ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்.

சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை. செருப்பு வழியாகக் காலுக்கு வந்தது. அப்புறம் வயிற்றுக்கு. குட்டியானை ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரில் அழுது கெஞ்சி ஏறுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எஞ்சின் என்றாலே பாவம் என்றுதான் தோன்றும். இந்த எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. சும்மா நிற்கும்போதே போதும் போதும் என்கிற அளவுக்குச் சக்தி வைத்திருந்தது. நான் குட்டியானையைப் பார்க்காமலே ஊர் திரும்பினேன்.

வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போடும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. கேள்வி கேட்பார். கேட்கிற கேள்வியில் நாமே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். அன்றைக்கும் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"தரைக்கும் வண்டிக்கும் எவ்ளோ சந்து கீது?"

நான் கையை விரித்து ஒரு சாண் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, தன் இடது கையின் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அவ்வளவுதான் இருக்கும் என்று அர்த்தம். பிறகு, நம் தெருமுனை வேகத்தடையிலேயே வயிறு இடிக்கும், டயர் ஒன்று போனால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும், கொண்டை ஊசி வளைவில் மூக்கு திரும்பாது, மழைக்காலத்தில் பின்சக்கரம் வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாமே சரி. இன்றுவரை அதில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

"எல்லாம் தெரிஞ்சிதாங்க கேக்குறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மோர் கேட்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் நான் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிப்போட்ட மனை ஒன்று இருந்தது. அதை விற்றேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த இடத்தை விற்றுக் கார் வாங்கிவிட்டாள் என்று உறவில் பேசினார்கள். சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் போனில் கேட்டேன். கல்யாணத்துக்கு அந்தக் காரிலேயே போய் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வண்டியை எடுக்க இருவரும் போனோம். அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். ஓட்டுங்கள் என்று சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. சம்பளத்துக்கு ஓட்டுவதே போதும் என்றார். ஓசூர் தாண்டும்வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தார். கிருஷ்ணகிரிக்கு முன்னால் சாலை நேராக, காலியாகக் கிடந்தது. நான் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். சீட்டு எங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளியது. சாலையோரத்து மரமெல்லாம் ஒன்றாகிப்போனது.

"போதும்" என்றார். நான் காலை எடுத்தேன். ஒரு லாரியைத் தாண்டிப் போனோம். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "இன்னொரு தபா பண்ணு."

அப்படித்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

வந்த அன்றைக்கே தெருமுனை வேகத்தடை தன் வேலையைக் காட்டியது. குட்டியானை ஏறி இறங்கினால் தெரியக்கூட தெரியாத மேடு. இந்த வண்டி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு ராகம் பாடியது. மறுநாளிலிருந்து அந்த மேட்டில் குறுக்காக, ஒரு சக்கரத்துக்குப் பின் ஒரு சக்கரமாக ஏற்றக் கற்றுக்கொண்டேன். எதிரில் வருகிறவர்கள் நான் அவர்கள் வீட்டுக்குள் நுழையப் போகிறேன் என்று நினைத்து நின்றுவிடுவார்கள். வீட்டு வாசல் சரிவை கொத்தனார் இரண்டு முறை இடித்துக் கட்டினார்.

அடுத்தது சத்தம். வீட்டுக்காரருக்கு முதல் டிரிப் என்றால் விடியுமுன் எழுந்து போய்விடுவார். தூங்கும் தெருவில் அவர் பூனை மாதிரி கேட்டைச் சாத்திவிட்டுப் போவார். விடிந்ததும் நான் காரை எடுப்பேன், தெருவே எழுந்து உட்காரும். எதிர்வீட்டு அம்மா, காலையில் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன் என்று சொன்னார். அவர் நல்லவிதமாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. சத்தத்தை அடக்குவதற்கு ஸ்டீயரிங் பக்கமே ஒரு வசதி இருக்கிறது என்பதைச் சில மாதம் கழித்து தற்செயலாக எதையோ அழுத்தியபோதுதான் கண்டுபிடித்தேன். எதிர்வீட்டு அம்மா அடுத்த வாரம் வந்து, கார் ரிப்பேரா என்று விசாரித்தார்.

டிக்கியில் ஒருநாள் மாதிரிப் புளி ஒரு பையில் வைத்து, எடுக்க மறந்துவிட்டேன். வாசனை பிடித்து எறும்பு வந்தது. சிவப்பு எறும்பு. டிக்கியிலிருந்து பின்சீட்டுக்கு, பின்சீட்டிலிருந்து முன்னுக்கு. அமெரிக்காவில் இந்த வண்டியைச் செய்தவர்கள் எத்தனையோ யோசித்திருப்பார்கள், ஆலங்காயத்து எறும்பை யோசித்திருக்கமாட்டார்கள். மஞ்சள்தூள் தூவி, வெயிலில் கதவைத் திறந்துபோட்டு, ஒரு வாரம் பாடுபட்டேன். தோல் வாசனையோடு வந்த கார் அதற்குப் பிறகு புளி வாசனைதான் அடிக்கிறது. எனக்கு அது பழகிய வாசனை என்பதால் கவலைப்படவில்லை.

பின்சீட்டு என்று ஒன்று இருப்பதாகச் சொன்னேன் அல்லவா, அது பேருக்குத்தான். கண்ணமங்கலத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு என் நாத்தனாரை அதில் அழைத்துப் போனேன். முன்சீட்டை மடக்கி, குனிந்து, உள்ளே போய்விட்டார். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ. கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்ததும் இறங்க முடியவில்லை. ஒரு காலை வெளியே வைத்தால் தலை இடித்தது, தலையைக் குனிந்தால் கால் உள்ளே போனது. மண்டப வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். புடவைக் கொசுவம் ஒரு பக்கம், பூ ஒரு பக்கமாக அவர் வெளியே வந்தார். இனிமேல் ஆட்டோவில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் மண்டபத்துக்குள் போவதற்கு முன் காரின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்று, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

பெட்ரோல் பற்றிப் பேசவேண்டாம். ஆலங்காயத்தில் கிடைக்கிற சாதாரணப் பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. உசத்தியான பெட்ரோலுக்கு வாணியம்பாடி நெடுஞ்சாலைக்குப் போகவேண்டும். போய்வருவதற்குள் போட்டதில் கொஞ்சத்தைக் குடித்துவிடும்.

இத்தனை குறை சொல்கிறாயே, எதற்கு வைத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். விடியற்காலையில் வாணியம்பாடி சாலையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒருமுறை என்னோடு வந்தால் கேட்கமாட்டீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஈரக்காற்று முகத்தில் அடிக்க, மெல்ல மெல்ல வேகத்தை ஏற்றும்போது அந்த எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாட ஆரம்பிக்கும். நாள் முழுக்க எடைமேடையில் நின்று, கழிவு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று தொண்டை வற்றப் பேசுகிறவளுக்கு, யாரிடமும் எதுவும் பேசவேண்டியில்லாத அந்தச் சில நிமிஷம் போதும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பெங்களூர், வேலூர் மண்டிகளில் என்னைப் பார்த்ததும், "ஓனர் வரலியாம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் ஓனர் என்று சொன்னாலும், சரி சரி, அவரை போன் பண்ணச் சொல்லுங்கள் என்பார்கள். காரில் போய் இறங்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு. இத்தனை வருஷம் நான் சொன்னதை நம்பாதவர்கள், ஒரு வண்டி சொன்னதும் நம்புகிறார்களே.

ஆனால் அந்த வண்டி மலைக்கு மேலே போய்ச் சொன்னது வேறு விதமாக இருந்தது.

ஜமுனாமரத்தூர் போகும் வழியில் ஒரு ஊர். அங்கே இருந்துதான் எனக்கு நல்ல புளி வரும். சதைப்பற்று அதிகம், நிறமும் வெளுப்பு. அந்த ஊர்ப் பெண்கள் பத்திருபது பேர் சேர்ந்து, மரம் உலுக்கி, ஓடு உடைத்து, மூட்டையாகக் கட்டி, என் வீட்டுக்காரர் பஸ்ஸிலோ அடுத்த பஸ்ஸிலோ ஏற்றி இறக்குவார்கள். பருவம் தொடங்கும்போது விலை பேச மட்டும்தான் நான் குட்டியானையில் அங்கே போவேன். அவர்களுக்காகப் பேசுகிறவள் ஒருத்தி உண்டு. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். சாமை, கேழ்வரகு போடுகிற சொந்த நிலம் இருக்கிறது. என்னோடு விலை பேசும்போது சிரித்துக்கொண்டேதான் பேசுவாள், ஒரு படி இறங்கமாட்டாள். அவளை எனக்குப் பிடிக்கும்.

ஒரு மாசிமாதம் அவள் போன் செய்தாள். இந்தத் தடவை குட்டியானையில் வராதீர்கள், ஊரெல்லாம் பேசுகிற அந்தக் காரில் வாருங்கள், நாங்களும் பார்க்கவேண்டும் என்றாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். காவலூர் தாண்டித் தண்ணீர்க் குழாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள், மேடாக இருக்கும், பார்த்துப் போ என்றார்.

பார்த்துத்தான் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் மூக்கு திரும்பாமல் ஒவ்வொன்றிலும் ஒருமுறை பின்னுக்கு வந்து திருப்பினேன். எதிரே பைக்கில் வந்தவர்கள் பொறுமையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். காவலூரும் தாண்டியாயிற்று. மண்மேட்டைப் பார்த்ததும் வேகம் குறைத்து, தெருமுனையில் செய்வது போலக் குறுக்காக ஏற்றினேன். முன்சக்கரம் இரண்டும் அந்தப்பக்கம் இறங்கின. பின்சக்கரம் இந்தப்பக்கம் நின்றது. வயிறு மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பின்சக்கரம் சுற்றிச் சுற்றிப் புழுதி கிளப்பியதுதான் மிச்சம்.

இறங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அந்த ஹாரனை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று விதமாக அடிப்பார், வளைவுக்கு இதுதான்.

பஸ் வந்து என் காருக்குப் பின்னால் நின்றது. சாலையை முழுக்க நான் அடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்டக்டர் விசில் அடிக்க வாயில் வைத்தவர், யார் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாதிப் பேருக்கு நாங்கள் யார் என்று தெரியும். தெரியாதவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள்.

ஜமுனாமரத்தூர் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா சார், வூட்டு வெவகாரத்த ரோட்டுக்கு இட்டாந்துட்டீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்காகவே அவருக்கு அன்றைக்குக் கறிக்குழம்பு வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது ஒரு பட்டிமன்றம். வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு ஆளாளுக்கு நிறை, குறை சொன்னார்கள். இந்த விலைக்கு டிராக்டரே நாலு வாங்கலாம் என்றார் ஒருவர். டிராக்டர் இந்த அழகில் இருக்குமா என்றாள் ஒரு பெண். வெள்ளைக்காரன் ஊரில் மேடு இருக்காது, அதனால்தான் வயிற்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறான் என்றார் இன்னொருவர். அவன் ஊரில் மலையே இல்லையா என்று யாரோ கேட்க, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது. இரண்டு கதவுதானே, ஆடு குட்டியை எந்தப்பக்கம் ஏற்றுவது என்று ஒரு அம்மா உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அவர் மடியில் குட்டி ஒன்று இருந்தது.

ஒருவர் பஸ்ஸில் மண்வெட்டி கொண்டுவந்திருந்தார். காரின் வயிற்றுக்குக் கீழே படுத்து மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். பெண்கள் தட்டைக்கல் பொறுக்கிவந்து பின்சக்கரத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். கண்டக்டர் சட்டையைக் கழற்றி மடித்து பஸ்ஸில் வைத்துவிட்டு வந்து தள்ளினார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் வந்து, "மெதுவா ஏத்து, கல்லு பட்டுடப் போவுது பின்னால கீறவங்களுக்கு" என்று மட்டும் சொன்னார்.

மெதுவாகத்தான் ஏற்றினேன். கல் நெரிந்தது, வண்டி ஒரு உறுமல் உறுமி, மேட்டை விட்டு இறங்கியது. பின்னால் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் முன்னே, பஸ் பின்னே. ஓரம் கட்டி வழிவிட இடமே இல்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு கார் ஊர்ந்து வர, அதன் பின்னாலேயே பஸ்ஸும் ஊர்ந்து வந்ததைப் பார்த்து, வழியில் இருந்த ஊர்க்காரர்கள் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று எழுந்து நின்றார்கள். ஒரு டீக்கடைக்காரர் வணக்கம்கூட வைத்தார். நானும் வைத்தேன்.

அந்த ஊர் நிறுத்தத்தில், போன் செய்தவளும் மற்றப் பெண்களும் காத்திருந்தார்கள். என்னை முந்திக்கொண்டு பஸ் பயணிகளே ஜன்னல் வழியாக நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தாள். ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டாள். மற்றவர்கள் பின்சீட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரைத் தாண்டிச் சாமைக்கொல்லை ஓரமாகப் போகும் சாலை கொஞ்சம் சமதளம். மெல்லத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு பொத்தானும் எதற்கு என்று கேட்டாள். சத்தம் காட்டச் சொன்னாள், காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். அப்புறம் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"நீங்க குட்டியானையில வருவீங்க. லாபம் ஒண்ணியும் நிக்கலம்மான்னு சொல்லுவீங்க. நாங்களும் பாவம், இந்தக்காவும் நம்மள மாதிரிதான்னு நெனச்சிக்குவோம். இனிமே அது செல்லாதுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் யாரையும் ஏமாற்றியதில்லை, மண்டி விலைதான் கொடுக்கிறேன், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் இந்தக் கார் எதிலிருந்து வந்தது என்று கேட்டால் புளியிலிருந்துதான் வந்தது. வீட்டுக்காரர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன குறைகளில் இது மட்டும் இல்லை.

விலையை ஏற்றுங்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் கூடிப் பேசி வேறொன்றை முடிவு செய்திருந்தார்கள். மூட்டையைச் சுமந்து நிறுத்தத்துக்குக் கொண்டுவருவது, கூட்டமான பஸ்ஸில் ஏற்றுவது, கண்டக்டரிடம் பேச்சு வாங்குவது, கீழே இறக்கி மண்டியில் வரிசையில் நிற்பது, எடை போட்டுத் திரும்பப் பொழுது சாய்வது, இதெல்லாம் இனி முடியாது. என் வண்டி மேலே வரவேண்டும். அவர்கள் ஊரிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே எடை போடவேண்டும். அவ்வளவுதான்.

வண்டி மேலே வந்துபோகிற செலவைப் பற்றி நான் வழக்கமான பல்லவியை ஆரம்பித்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இது எவ்ளோ பெட்ரோல் குடிக்கும்க்கா?"

யாருக்கும் சொல்லாத உண்மையை அவளிடம் சொன்னேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப குட்டியான எங்க ஊருக்கு வர்றது உங்களுக்கு ஒரு செலவே இல்லக்கா" என்றாள்.

சரி, வண்டியை அனுப்புகிறேன் என்றேன். வண்டியைத் திருப்பினேன். நிறுத்தத்தில் காத்திருந்தவர்களிடம் அவள் இறங்கும்போதே சொல்லிவிட்டாள். கேப்பைக் கூழ் கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள மிளகாயோடு. குடித்துவிட்டு இறங்கினேன். குழாய் மேட்டில் இந்தமுறை பெண்கள் நாலு பேர் கூடவே நடந்துவந்து கல் போட்டுத் தாண்டவைத்தார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, இதை அவள் முன்பே கேட்டிருக்கலாம் என்றார். கேட்டிருந்தால் நீ செய்திருப்பாயா என்று கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். செய்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றியது. கறிக்குழம்பு வைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து என் குட்டியானை வாரம் ஒருமுறை மேலே போனது. தராசைத் தூக்கிப்போய் அவர்கள் பலாமரத்தடியில் வைத்து எடை போட்டோம். இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களும் மூட்டையை அங்கேயே கொண்டுவந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கும்போது நசுங்கிப்போகிற புளி இப்போது உதிரியாக, சுத்தமாக வந்தது. பெங்களூர்க்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, இது வேறு ஊர்ப் புளியா என்று கேட்டார். எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கீழே இருக்கிற மற்ற மண்டிக்காரர்களுக்குத்தான் என்மேல் கோபம். அவர்களும் மேலே வண்டி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர், பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தது என்று என் வீட்டுக்காரரிடம் எனக்கு நன்றி சொல்லியனுப்பினார்.

ஆனால் நான் குட்டியானையில் போய் இறங்கினால் அங்கே யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. "இன்னாக்கா, அத்த இட்டுனு வர்லியா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். பருவம் முடிந்து கடைசி எடை போடுகிற அன்று கொண்டுவருவதாகச் சொன்னேன்.

சித்திரை வெயிலில், குழாய் மேட்டைத் தார் போட்டுச் சமன் செய்திருந்தார்கள். சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்தேன். குட்டியானையை அன்றைக்கு ஒரு டிரைவர் எனக்கு முன்பே கொண்டுபோய், எடை முடித்து, மூட்டையோடு கீழே இறங்கிவிட்டார். அப்புறம் காரின் முறை. முன்சீட்டில் ஒவ்வொருவராக ஏற்றி, சாமைக்கொல்லை முனைவரை போய்த் திரும்பினேன். முதலில் அவள். அடுத்து அவள் மாமியார், கண்ணாடியை இறக்கி வழியில் பார்த்தவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தி ஏறியதிலிருந்து இறங்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி, வேகமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு, போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஊரிலிருந்து மூட்டை கொண்டுவந்த ஆண்களும் வரிசையில் நின்றார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்கே அன்று ஓட்டித் தீரவில்லை.

வண்டிதான் தீர்ந்தது. பலாமரத்தடிக்குத் திரும்பி வரும்போது பெட்ரோலுக்கான மஞ்சள் விளக்கு எரிந்து ரொம்ப நேரம் ஆகியிருந்ததைப் பார்த்தேன். ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. குட்டியானை டிரைவருக்குப் போன் செய்து, வாணியம்பாடி போய் உசத்திப் பெட்ரோல் ஒரு கேனில் வாங்கிக்கொண்டு மேலே வரச் சொன்னேன். அவர் அப்போதுதான் ஆலங்காயத்தில் மூட்டைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்.

அவள் பாய் கொண்டுவந்து மரத்தடியில் விரித்தாள். சாமைச் சோறும் புளிக்குழம்பும் வந்தன, கூடவே அந்த வருஷத்து முதல் பலாப்பழம் ஒன்று. பெண்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தார்கள். அடுத்த வருஷம் எந்த மரத்தில் எவ்வளவு காய்க்கும், யார் வீட்டில் கல்யாணம், மழை எப்போது என்று பேச்சு போனது. நடுவே ஒருத்தி கேட்டாள், பழசாகிவிட்டால் இந்தக் காரை எங்களுக்குக் கொடுப்பீர்களா என்று. எதற்கு என்றேன். வெயிலுக்கு உள்ளே உட்காரலாம், ஏசி இருக்கிறதே என்றாள். பெட்ரோல் இல்லாமல் ஏசி வராது என்று இன்னொருத்தி சொல்ல, அப்படியென்றால் வேண்டாம் என்று முடிவானது.

வெயில் தாழ்ந்தபோது குட்டியானை கெஞ்சிக்கொண்டே ஏறி வருகிற சத்தம் வளைவில் கேட்டது. நான் கை கழுவிவிட்டு எழுந்தேன்.